பதினேழாம் எண்ணுக்கு ஓர் ‘ஆனால்’

நட்புறவுக் கற்பனைக் கதை மன்றத்தில் யாரும் தோற்றதில்லை. மன்றம் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகளாகின்றன. ஆண்டுக்கு ஒரு போட்டி. கலந்துகொண்ட அத்தனை பேருக்கும் முதல் பரிசு. தொடக்க காலத்தில் யாரோ விவரம் தெரியாமல் இரண்டாம் பரிசுக்கென்று ஒரு கோப்பையை வாங்கிவிட்டார்கள். அது அலமாரியில் இருக்கிறது. பார்த்து யாரும் மனம் நோகக் கூடாது என்பதற்காக அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தியிருக்கிறார்கள்.

இந்த மன்றத்தின் அறிவிப்பை நூலகப் பலகையில் பார்த்துவிட்டுக் கதை அனுப்பியவர் பல்செட் செய்கிறவர். மருத்துவர்களிடமிருந்து வரும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, தேய்த்து மெருகேற்றி அனுப்புவது அவர் தொழில். மருந்துக் கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு ஸ்பிரிட் விளக்கு, அலமாரி நிறைய ஊர்க்காரர்களின் வாய்கள். பேசாத வாய்களோடு இருபது வருடம் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு கதை தோன்றியதில் ஆச்சரியமில்லை. செத்துப்போனவரின் பல்செட்டை வேறொருவர் மாட்டிக்கொள்கிறார். மாட்டிய நிமிடத்திலிருந்து, முன்னவர் சொல்லாமல் விட்டுப்போனதெல்லாம் இவர் வாயிலிருந்து வர ஆரம்பிக்கிறது. இருபது பக்கம்.

விஷயத்தை மனைவியிடம் மட்டும் சொன்னார். மனைவி பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எதிலும் இரண்டு நிமிடம் முன்பின்னானால் தாங்காதவர்.

“எல்லாருக்கும் முதல் பரிசுன்னா அப்புறம் எதுக்குப் போட்டி? நேராப் போய் வாங்கிட்டு வந்துட வேண்டியதுதானே?”

“அப்படி இல்லம்மா. ஒருத்தர் கதைய இன்னொருத்தர் படிச்சுப் பாராட்டணும். அதுதான் போட்டியே.”

“பாராட்டுறதா, நீங்களா?” மனைவி கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார். “பதினெட்டு வருஷத்துல என்னை ரெண்டே தடவ பாராட்டியிருக்கீங்க. ரெண்டும் நான் ஒரு வாரம் எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தப்ப.”

ஒரு வாரத்தில் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் எண் ஒன்பது. பெயர்கள் பரிசளிப்பு விழாவரை ரகசியம். கதைகளைப் படிக்கும் முன் பாராட்டுப் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். பயிற்சி பெறாதவர் பாராட்டினால் செல்லாது.

பயிற்சி நூலகத்தின் மேல்மாடியில் நடந்தது. நடத்தியவர் பாராட்டுத் தரக் குழுவின் பொறுப்பாளர். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஒரு கதைக்கு அறுபது சொல்,” என்று ஆரம்பித்தார். “ஐம்பத்தொன்பது எழுதினா எழுதினவருக்கு அவமானம். அறுபத்தொண்ணு எழுதினா மத்த இருபத்திநாலு பேருக்கும் அவமானம். முப்பத்திமூணு வருஷம் கடை கடையாப் போய்த் தராசு பாத்தவன் நான். தட்டுல என்ன இருக்குன்னு ஒருநாளும் பாத்ததில்ல. முள்ளு நடுவுல நிக்குதா, அவ்வளவுதான்.”

அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். அருமை, சிறப்பு, மாறுபட்ட முயற்சி, கண்முன் நிறுத்தியது, சிந்திக்க வைத்தது. கடைசியாக இருப்பதைப் புரியாத கதைகளுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். பின்பக்கத்தில் விலக்கப்பட்ட சொற்கள்: ஆனால், இருந்தாலும், கொஞ்சம், இன்னும்.

“‘இன்னும்’ என்ன சார் தப்பு பண்ணுச்சு?” என்று கேட்டார் பல்செட்காரர்.

ஆய்வாளரின் முகம் கறுத்தது. “ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் கதைக்கு ஒரு பாவி ‘இன்னும் நன்றாக எழுதலாம்’னு எழுதிட்டான். அதோட அவர் பேனாவையே மூடிட்டார்.”

“ஐயோ. இப்ப எங்க இருக்கார்?”

“அவர்தான் நம்ம தலைவர்.”

கதைக்கட்டு வந்தது. பட்டறையில் மெழுகு ஆறும் இடைவெளிகளில் ஒவ்வொன்றாகப் படித்தார். நான்கு பேர் செவ்வாய்க்குப் போயிருந்தார்கள். மூன்று பேர் காலத்தில் பின்னோக்கிப் போய்த் தங்கள் கணக்கு வாத்தியாரைப் பழிவாங்கியிருந்தார்கள். ஒருவர் உலகத்தை அழித்துவிட்டு, கடைசி வரியில் எல்லாம் கனவு என்று சமாதானம் சொல்லியிருந்தார். பல்செட்காரர் விதிப்படி அறுபது அறுபது சொல்லாக எண்ணி எழுதினார். பல் எண்ணிப் பழகிய கை, கஷ்டமாக இல்லை.

நான்காம் நாள் மதியம் பதினேழாம் எண் கதையை எடுத்தார்.

அந்தக் கதையின் ஊரில் மனிதர்கள் செத்த பிறகும் அவர்கள் குரல் பதினோரு நாள் வீட்டிலேயே இருக்கும். உயிரோடிருந்தபோது எந்த நேரத்தில் எதைப் பேசினார்களோ அதையே பேசிக்கொண்டிருக்கும். ஒருத்தியின் புருஷன் செத்துப்போகிறான். மறுநாள் காலை குளியலறைப் பக்கமிருந்து வழக்கம்போல, “துண்டு எங்க?” என்று குரல் கேட்கிறது. அவர்களுக்குள் பழைய சண்டை. அவள் அவனோடு பேச்சை நிறுத்தி மாதக்கணக்காகிறது. அவள் பதில் சொல்வதில்லை. பத்து நாளும் குரல் கேட்கிறது; பத்து நாளும் அவள் பாத்திரம் துலக்குகிறாள், கூட்டுகிறாள், வாயைத் திறப்பதில்லை. பதினோராம் நாள் குரல் தேய்ந்துபோய், காற்றாகி, “துண்டு…” என்று மட்டும் வருகிறது. “கொடியிலதான் கிடக்கு,” என்கிறாள். கதை முடிந்துவிட்டது.

பல்செட்காரர் நிமிர்ந்தபோது மெழுகுக் கிண்ணம் கொதித்து மேசையெல்லாம் இளஞ்சிவப்பாக ஓடியிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை. திரும்ப முதலிலிருந்து படித்தார். அப்புறம் எழுந்து கடைத்தெரு முனைவரை நடந்துபோய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

அன்று சாயங்காலம் பாராட்டுப் படிவத்தில் அறுபது சொல் போதவில்லை. பின்பக்கம் போனார். தனித்தாள் ஒட்டினார். எண்ணிப் பார்த்தபோது இருநூற்றுப் பதினொன்று இருந்தது. கதையில் வரும் பக்கத்து வீட்டுக்காரி எதற்கு வருகிறாள் என்றே புரியவில்லை, அதையும் எழுதினார். ‘ஆனால், பக்கத்து வீட்டுக்காரி வரும் நான்கு பக்கங்கள் தேவையா?’ என்று எழுதிவிட்டு, அந்த முதல் சொல்லை அடிக்கலாமா என்று யோசித்து, அடிக்காமலே அனுப்பினார்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு அழைப்பு வந்தது. ‘அன்புடன் விளக்கம் கோருகிறோம்’ என்று இளஞ்சிவப்புத் தாளில் அச்சடித்திருந்தார்கள்.

மேல்மாடியில் தலைவர் நடுவில், ஆய்வாளர் வலப்பக்கம், செயலாளர் கோப்புகளோடு இடப்பக்கம். எதிரே ஒரு நாற்காலி, ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட்.

“பிஸ்கட் எடுத்துக்கங்க,” என்றார் தலைவர். “இது நட்பு விசாரணை.”

பல்செட்காரர் எடுத்துக்கொண்டார்.

“நூத்தி ஐம்பத்தொரு சொல் அதிகம்,” என்றார் ஆய்வாளர். “கடைக்காரன் இப்படி நிறுத்திருந்தா அன்னிக்கே சீல் வெச்சிருப்பேன்.”

“அது கூடப் பரவால்ல,” என்றார் தலைவர். “கதையில என்ன நடக்குதுன்னு எழுதியிருக்கீங்க. விதி பதினாலு. பாராட்டு எல்லாக் கதைக்கும் பொருந்தணும். இத எடுத்து இன்னொரு கதைக்கு ஒட்டிப் பாத்தோம். ஒட்டல.”

“அந்தக் கதையப் பத்தித்தானே சார் எழுதினேன்?”

“அதுதாங்க பிரச்சினை.”

“நீங்க அந்தக் கதையப் படிச்சீங்களா சார்?”

தலைவர் சிரித்தார். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற சிரிப்பு. “நான் தலைவரா வந்து எட்டு வருஷம். ஒரு கதை படிச்சதில்ல. படிச்சா ஒண்ணு பிடிச்சுப் போயிடும். ஒண்ணு பிடிச்சா இன்னொண்ணு பிடிக்காமப் போகும். அப்புறம் நட்பு எங்கேருந்து வரும்? இந்தப் பதவிக்கு ஒரு கட்டுப்பாடு வேணும்ங்க. வீட்டுல பேப்பர் கூடத் தலைப்போட நிறுத்திக்குவேன்.”

“அப்ப பதினேழுக்கு வேற யாரும்…”

“ஏன், எல்லாரும் பாராட்டியாச்சே!” செயலாளர் கோப்பைத் திறந்தார். “உங்களுத விட்டா இருபத்திமூணு. அதுல பத்தொன்பது பேர் ‘செவ்வாய்க் கிரகத்தைக் கண்முன் நிறுத்தியது’ன்னு எழுதியிருக்காங்க.”

“அந்தக் கதையில செவ்வாயே கிடையாதே சார்! ஒரு வீடு, ஒரு குளியலறை, அவ்வளவுதான்.”

“பாருங்க,” என்றார் செயலாளர் நெகிழ்ந்துபோய். “இல்லாததக் கூடப் பாராட்டியிருக்காங்கன்னா, அவங்க மனசு எவ்வளவு பெருசு! நீங்க இருக்கறத வெச்சுக்கிட்டே குறை கண்டுபிடிச்சிருக்கீங்க.”

பல்செட்காரருக்கு ஒரு நட்பு எச்சரிக்கை வழங்கப்பட்டது. அறுபது சொல்லில் திருப்பி எழுத வேண்டும். கிளம்பும்போது செயலாளர் கோப்பை மூடிக்கொண்டே, ஒரு சாதாரணத் தகவல்போல, சொன்னார்:

“எப்படியும் பதினேழு விலகறதாச் சொல்லிட்டாங்க. உங்களுத மட்டும் நிறுத்திட்டு மத்தப் பாராட்டெல்லாம் அனுப்பி வெச்சோம். படிச்சுட்டு, ‘என் கதையைத் திருப்பிக் கொடுங்கள், இனிமேல் எழுதுவதாக இல்லை’ன்னு கடிதம் போட்டிருக்காங்க.”

“நீங்க என்ன பதில் போட்டீங்க?”

“விலகல் கடிதம் அருமை, மாறுபட்ட முயற்சின்னு போட்டோம்.”

“அவங்க விலாசம் குடுங்க சார். நான் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்.”

“பெயர் ரகசியம்,” என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

அதற்குப் பிறகு பல்செட்காரருக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் இவளாக இருக்குமோ என்று தோன்றும். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள், வங்கியில் வரிசையில் நிற்கிறவள், யாரைப் பார்த்தாலும் சந்தேகம். பெண்தான் என்பதற்கே ஆதாரமில்லை என்று பாதி வழியில் உறைக்க, ஆண்களையும் பார்க்க ஆரம்பித்தார். ஒரு மருத்துவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “என்னய்யா, இந்த செட்டுல ரெண்டு பக்கமும் இடது கோரைப்பல்லா இருக்கு? அந்தம்மா சிரிச்சா குழந்தைங்க அழுவுதுங்க,” என்றார்.

அவருடைய கதைக்கும் பாராட்டுகள் வந்து சேர்ந்தன. அருமை. சிறப்பு. விண்கலப் போரைக் கண்முன் நிறுத்தியது. அவர் கதையில் அதிகபட்சமாகப் பறந்த பொருள் ஒரு கொசு. தாள்களைச் சாப்பாட்டு மேசைமேல் போட்டுவிட்டு அறைக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

“கொஞ்சம் உக்காருங்களேன். டிப்போவுல கூட ஒரு வண்டி இத்தன டிரிப் அடிக்காது,” என்றார் மனைவி. “உங்க கதையத்தான் நான் படிச்சேனே.”

“எப்போ?”

“ரெண்டு வண்டிக்கு நடுவுல. பல் தானாப் பேசுற முதல் எடத்துல சிரிச்சேன். கண்டக்டருங்க எல்லாம் என்னன்னு பாத்தாங்க. கடைசில அந்தாளு உபதேசம் பண்றானே, அது ஒட்டல.”

அவருக்குச் சுருக்கென்றது. உடனே வயிறு நிறைந்தமாதிரியும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வருமென்று அவருக்குப் புரியவில்லை. பதினேழாம் எண்ணுக்கு இதை யாரும் கொடுக்கவில்லையே என்பது மட்டும் புரிந்தது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மேடையில் முதல் பரிசு பெற்றவர்களுக்கு இருபத்தைந்து நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் எண் அட்டை. பரிசு பெற்றவர்கள் எல்லாரும் மேடைக்குப் போய்விட்டதால் கீழே பதினான்கு பேர்தான் இருந்தார்கள். அதில் ஒருவர் தவறான கூட்டத்துக்கு வந்தவர். வெளியே போனால் மரியாதையாக இருக்காதென்று உட்கார்ந்துவிட்டார். பல்செட்காரரின் மனைவி முன்வரிசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழாம் நாற்காலி காலியாக இருந்தது.

தலைவர் பேசினார். “இந்த மேடைய ஒரு நிமிஷம் பாருங்க. இதுல யார் நல்லா எழுதினவர், யார் சுமாரா எழுதினவர்னு உங்களால சொல்ல முடியுதா? முடியல. எங்களாலயும் முடியாது. அந்த நிலைக்கு வர்றதுக்கு இருபத்திரண்டு வருஷம் உழைச்சிருக்கோம். மத்த எடத்துல கதைக்காக மனுஷனக் கைவிடறாங்க. நாங்க மனுஷனுக்காகக் கதையக் கைவிட்டுட்டோம்!”

மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மேடைக்குக் கீழே இருந்தவர்களும், சற்றுத் தாமதமாக, தட்டினார்கள்.

பிறகு ஒவ்வொருவராக மைக்கின்முன் வந்து ஏற்கெனவே சரிபார்த்து முத்திரையிட்ட நன்றியுரையைப் படித்தார்கள். ஆய்வாளர் மேடை ஓரத்தில் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் எண் வந்தது. பல்செட்காரர் தாளைப் பிரித்தார். மூன்று சொல் படித்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“பதினேழாம் நம்பர் கதைய நான் மூணு தடவ படிச்சேன்,” என்றார். “செத்துப்போன புருஷன் குரல் வீட்டுல இருக்கு. துண்டு கேக்குது. பொண்டாட்டி பதில் சொல்ல மாட்டேங்கறா. படிச்ச அன்னிக்கு என்னால வேலை செய்ய முடியல. இன்னிவரைக்கும் சரியா முடியல. ஆனால்…”

மேடையில் இருபத்துமூன்று நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஆய்வாளரின் விரல்கள் பாதியில் நின்றன.

“ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி எதுக்குன்னு எனக்குப் புரியல. நாலு பக்கம் வந்து சும்மா உக்காந்துட்டு எழுந்து போறா. அவள எடுத்துட்டா கதை…”

“எடுக்கக் கூடாது!”

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கையெழுத்துப்பிரதியைத் திருப்பி வாங்கிப்போக வந்தவர். மடியில் காலிப் பை. கோர்ட்டில் தட்டச்சு செய்கிறவர் என்பது பிறகு தெரிந்தது. நாளெல்லாம் அடுத்தவர் வாக்குமூலத்தை அடித்து அடித்து, சொந்தக் குரலை உரக்கக் கேட்டே பல காலமானவர்.

“அவள எப்படி எடுப்பீங்க? அவ புருஷன் உயிரோட இருக்கான், சார். அடுத்த வீட்டுலயேதான் இருக்கான். அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டான். அதனாலதான் தினம் இங்க வந்து உக்காந்து, செத்துப்போனவன் பேசறதக் கேட்டுட்டுப் போறா. அவ வந்து உக்கார்றதப் பாத்துத்தான் இவளுக்குத் தன் வீட்டுல என்ன இருக்குன்னே தெரியுது!”

செயலாளர் ஓடிப்போய் மைக்கை அணைத்தார். அந்தப் பெண்ணிடம் மைக்கே இல்லை என்பதால் பயனிருக்கவில்லை.

பல்செட்காரர் வாய் பிளந்து நின்றார். “அதுக்குத்தான் வர்றாளா?” என்றார். பிறகு கோபம்போல ஒன்று வந்தது. “அப்ப அத எனக்குப் புரியற மாதிரி எழுதியிருக்கணுமில்ல? அவ புருஷன் பேசாதவன்னு ஒரே ஒரு எடத்துல, அதுவும் காய்கறி நறுக்கறப்ப, போற போக்குல வருது. நான் தவறவிட்டுட்டேன்!”

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். “காய்கறி எடம்…” என்றார் மெதுவாக. “ஆமா. அங்க அவசரப்பட்டுட்டேன்.” பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கினார். வாங்கிய பிறகுதான் முகம் மாறியது. இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“நட்புக்கு விரோதம்! உடனே நிறுத்துங்க!” என்று தலைவர் எழுந்தார். அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மூன்றாம் நாற்காலியில் இருந்த தடித்த மனிதர் பல்செட்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“என்னுது மூணு. செவ்வாய்க்குப் போறது. படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“உண்மையச் சொல்லுங்க.”

“கிளம்பறதுக்கே பன்னண்டு பக்கம் ஆகுது சார்.”

தடித்தவரின் முகம் தொங்கிப்போனது. ஒரு கணம் அடித்துவிடுவார்போல இருந்தது. அப்புறம் குனிந்து காதோடு காதாக, “எந்த எடத்துல கிளம்பியிருக்கணும்?” என்றார்.

அதற்குள் பின்னால் வரிசை நின்றுவிட்டது. வரிசையில் நிற்கப் பொறுக்காதவர்கள் ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டபோதுதான் யாரும் யாருடையதையும் படிக்கவில்லை என்று தெரியவந்தது. அதற்காக ஒரு சண்டை. எட்டாம் எண் இருபதாம் எண்ணைப் பார்த்து, “அப்ப ‘சிந்திக்க வைத்தது’ன்னு எழுதினது?” என்று கத்தினார். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து பிரதிகளை மாற்றிக்கொண்டு படித்தார்கள். தவறான கூட்டத்துக்கு வந்தவர்கூட ஒரு கதையை வாங்கிப் பிரித்துக்கொண்டார். ஆய்வாளர் மேடை ஓரத்தில் நின்று, எதை எண்ணுவதென்று தெரியாமல், மடக்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்றம் அவசரமாகக் கூடி பல்செட்காரரை நீக்கியது. விதிகளில் தோற்றவர் என்று ஒரு வகையே இல்லாததால் முதல் பரிசைத் திரும்பப் பெற முடியவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ‘ஆனால்’ அனுமதிக்கப்படும் என்றும், ஒரு வாரம் முன்னதாக மூன்று நகல்களில் விண்ணப்பித்து, ‘ஆனால்’ எந்த இடத்தில் வரப்போகிறது என்பதைக் குறிப்பிட வேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை வெளியாயிற்று. அதை இருபத்தைந்து பேரில் எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, கோர்ட் உணவு இடைவேளையில், தட்டச்சுக்காரப் பெண் பட்டறைக்கு வந்தார். அலமாரியிலிருந்த வாய்களை ஒரு சுற்று பார்த்தார். காய்கறி இடத்தைத் திருத்தி எழுதிய தாள்களை மேசைமேல் வைத்தார். அதன் மேலேயே பல்செட்காரரின் இருபது பக்கக் கதையையும் வைத்தார். ஓரமெல்லாம் பென்சில்.

பல்செட்காரர் கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் பக்கம். ஐந்தாம் பக்கத்தில் காது சூடேறியது.

“உபதேசத்த எடுக்கணும்னு வீட்டுலயே சொல்லிட்டாங்க,” என்றார் முந்திக்கொண்டு.

“உபதேசம் வரைக்கும் போவானேன்?” என்றார் அந்தப் பெண். “ஒன்பதாம் பக்கத்துலயே கதை படுத்துடுச்சு.”

“படுக்கல. அங்க கொஞ்சம் மூச்சு வாங்குது.”

“மூச்சு வாங்கறதுக்கு ஆறு பக்கமா?”

பல்செட்காரர் ஸ்பிரிட் விளக்கை அணைத்தார். மூலையில் பிளாஸ்டர் மூட்டைக்குப் பின்னாலிருந்த ஸ்டூலை இழுத்து, தூசு தட்டி, தன் எதிரே போட்டார்.

“உக்காருங்க,” என்றார். “எந்த ஆறு?”